எழுபத்தெட்டாம் வருஷத்துக் கப்

தொட்டியில அந்த ஓரம் வேணாம் தம்பி, அங்கதான் கொதிக்கற தண்ணி வந்து விழும், தோலு உரிஞ்சுரும். இப்படி என் பக்கமா வந்து உக்காருங்க. ஆங், அப்படித்தான். என்ன, என் காலையா பாக்கறீங்க? நல்லாப் பாருங்க. அம்மணமா உக்காந்துக்கிட்டு இதுல என்ன கூச்சம்? அந்தத் தழும்பு உங்க ஊர்க்காரன் போட்டதுதான்.

உங்க ஊரு எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? வெளிய கூடையில சாம்பல் கலர் மஃப்ளர் கெடக்குதே. எங்க ஷியோஹாமாவுல அந்தக் கலரப் போட்டுக்கிட்டு நடக்கற நெஞ்சழுத்தம் இஷிகுராக்காரனத் தவிர வேற எவனுக்கு வரும்? ரெண்டு கோல் போட்டுட்டு எங்க ஊர்லயே வெந்நியில ஊறிட்டுப் போறீங்க. ஊறுங்க ஊறுங்க. இப்பல்லாம் யாரும் அடிக்கமாட்டானுங்க. எங்க பசங்க கைதட்டில்ல உங்கள பஸ் ஏத்தி விடறானுங்க. எனக்குப் பாக்கவே சகிக்கல.

நாங்க அப்படியா? அம்பத்தாறுல ஆரம்பிச்ச டீம் இது. கப்பல் கட்டற பட்டறை டீமு. பதினோரு பேர்ல எட்டு பேரு வெல்டிங், மூணு பேரு சம்மட்டி. பந்த உதைக்கத் தெரியாது, ஆள உதைக்கத் தெரியும். ஹிருகாவான்னு ஒரு கோச்சு, பட்டாளத்துலேர்ந்து வந்த மனுஷன். மூங்கில் வாள் இல்லாம கிரவுண்டுக்கே வரமாட்டாரு. ஒரு தடவ எங்க கோல்கீப்பர் செனோ காலுக்கு நடுவுல பந்த விட்டுட்டான். எங்க பத்து பேரையும் வரிசையா நிக்க வச்சு அவன் கன்னத்துல அறைய விட்டாரு. மெதுவா அறைஞ்சா மறுபடியும் அறையணும். நான் ரெண்டு தடவ அறைஞ்சேன். அவன் எனக்குப் பக்கத்து வீடு வேற. பல்லு ஒண்ணத் துப்பிட்டு, ஒண்ணுமில்லடா, ஆடலாம் வாங்கன்னான்.

சிரிக்காதீங்க, உங்க சிமெண்ட் கம்பெனி டீமும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. எழுபத்திமூணுல உங்க ஆளு ஒருத்தன் பந்து அந்தாண்ட போனதுக்கு அப்புறம், நல்லா நிதானமா, இந்தக் காலு மேல ஏறி நின்னான். முட்டிக்குக் கீழ கிழிஞ்சு தொங்கிருச்சு. கட்டுப் போட்டுக்கிட்டேன், ஆடி முடிச்சேன், இங்க வந்தேன். கிரவுண்டுல குளிக்க வசதி ஏது? ரெண்டு டீமும் இந்தத் தொட்டிக்குத்தான் வரணும். நீங்க இப்ப உக்காந்திருக்கற எடத்துல அவன் உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தான். அந்த மர வாளிய எடுத்தேன், மண்டையில போட்டேன். வாளி ரெண்டாப் போச்சு, அவன் நெத்தியும் ரெண்டாப் போச்சு. அப்புறம் எவன் எவன அடிச்சான்னே தெரியல. தண்ணி செவந்து போச்சு. இந்தக் குளியல் எடத்து முதலாளியம்மா வெளக்கமாத்தோட உள்ள வந்து அத்தன அம்மணக்கட்டைங்களையும் தெருவுக்கு வெரட்டிருச்சு. மார்கழிக் குளிரு! அந்த வருஷம் ரெண்டு டீமையும் பாதி சீசனுக்குத் தள்ளி வச்சாங்க.

அதோட என் ஆட்டம் முடிஞ்சுது. முட்டி மடங்கல. ஆனா டீம விடல. நம்ம லீக்லதான் அந்த வழக்கம் இருக்கே, ஒவ்வொரு டீமும் தன் ஆளு ஒருத்தன ரெஃப்ரியாக் கூடவே கூட்டிட்டு வரணும், அதே நாள்ல நடக்கற மத்தவங்க மேட்ச்சுக்கு விசில் ஊத. எங்க டீமுக்கு நான். நம்ம டீம் ஆடறப்ப நாம ஊதல, அப்புறம் என்ன, நியாயமாத்தானே இருக்கும்னு எல்லாரும் நெனச்சோம். எவனுக்கும் அதுல தப்பு இருக்கறதாத் தோணவே இல்ல.

எழுபத்தெட்டுல கப்பல் வாங்க நாதியில்ல தம்பி. பட்டறையில ஆயிரம் பேருக்குச் சீட்டக் கிழிச்சிட்டாங்க. மேனேஜர் எங்களக் கூப்பிட்டு நேராவே சொல்லிட்டாரு. இந்த வருஷம் லீக் கப் வந்தா டீம் இருக்கும், இல்லன்னா டீமும் இல்ல, டீமுக்காக வேலைக்கு எடுத்தவனும் இல்லன்னு. இருபத்திமூணு பேரு. அதுல நானும் ஒருத்தன். என் வீட்டுக்காரிக்கு அப்ப ஏழு மாசம்.

ரெண்டே மேட்ச் பாக்கி. நீங்க எங்களுக்கு ஒரு பாயிண்ட் முன்னால. கடைசி ஞாயித்துக்கெழம நம்ம ரெண்டு பேருக்கும் மேட்ச். அதுக்கு முந்தின ஞாயிறு நீங்க ரயில்வே டீமோட ஆடறீங்க. அதுக்கு ரெஃப்ரி யாருன்னு பாத்தா, நானு.

ஆமாமா, குவாபாரா. உங்க டீமோட பத்தாம் நம்பரு. நீங்க ஊன்றுகோலோடதான் பாத்திருப்பீங்க. நான் அந்தாளு ஓடிப் பாத்திருக்கேன். அந்த வருஷம் மட்டும் இருபத்திரெண்டு கோலு. அந்தாளு கால்ல பந்து போச்சுன்னா எதிரி டீம்ல இருக்கறவனே ஒரு நிமிஷம் நின்னு பாப்பான். அந்தாளு ஆடினா எங்களுக்குக் கப் கெடையாது. இது எனக்கும் தெரியும், செனோவுக்கும் தெரியும், ஏழு மாசம் ஆயிருந்த எம் பொண்டாட்டிக்கும் தெரியும்.

ரயில்வேல மிசுமின்னு ஒரு தடுப்பாளன். தண்டவாளம் தூக்கற ஒடம்பு. பத்தாவது நிமிஷத்துல குவாபாரா கணுக்கால்ல ஒண்ணு போட்டான். விசில் ஊதினேன், வாயால கண்டிச்சேன். அப்புறம் முழங்கையால புருவத்துல ஒண்ணு. புருவம் பொளந்து ரத்தம் கண்ணுக்குள்ள எறங்குது, அந்தாளு ஒத்தக் கண்ணால என்னப் பாத்துக் கேக்கறாரு, ரெஃப்ரி சார், இதுக்காவது கார்டு காமிங்கன்னு. மொகத்தத் தொடச்சிட்டு ஆடுங்கன்னேன். கார்டு சட்டைப் பாக்கெட்டுலதான் இருந்துச்சு. என் கை அதுக்குப் போகல. அடுத்த வாரம் அந்தாளு நொண்டிக்கிட்டு வந்தாப் போதும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

முப்பத்தெட்டாவது நிமிஷம், மிசுமி ரெண்டு காலையும் நீட்டிக்கிட்டுப் பாஞ்சான். காஞ்ச மூங்கில மிதிச்சா கேக்குமே, அந்தச் சத்தம். சாம்பல் சாக்ஸக் கிழிச்சுக்கிட்டு எலும்பு வெள்ளையா வெளிய நிக்குது. ஆடுசதை தனியா, வெட்டிப் போட்டாப்புல. மொதல்ல ஓடினது நான்தான். சட்டையக் கழட்டித் தொடையோட இறுக்கிக் கட்டினேன். என் கையெல்லாம் சூடா ரத்தம். கால் இருக்கா சார், கால் இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இருக்கு இருக்குன்னேன். பதினோரு நாள் கழிச்சு ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க.

மிசுமியா? அவனுக்குச் செவப்புக் கார்டு குடுத்தேன், எல்லாம் முடிஞ்சப்புறம். உங்க ஊர்க்காரங்க அவன் வீட்டு மேல கல்லெறிஞ்சாங்க. ஒரு கல்லு அவங்கம்மா தோள ஒடச்சிருச்சு. அவன் ஊர விட்டே போயிட்டான், எங்க போனான்னு தெரியாது.

நாங்க? அடுத்த ஞாயிறு நாலுக்கு சைபர். கப்பு, பீரு, ஆட்டம், கூத்து. இருபத்திமூணு பேருக்கும் வேலை நின்னுச்சு. பின்னாடி பட்டறையே மூடினாங்க, அப்பவும் ஊர்க்காரங்க கப் ஜெயிச்ச டீம விடக்கூடாதுன்னு கைமாத்தி எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு உங்ககிட்ட தோத்தானுங்களே, அந்தப் பசங்க ஆடறதே அந்தக் கப்பாலதான். நாங்க ஜெயிச்சது அது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி.

இதக் கேளுங்க. குவாபாரா எனக்கு வருஷா வருஷம் புத்தாண்டு அட்டை போடுவாரு. நாப்பது வருஷத்துக்கு மேல, ஒரு வருஷம் தப்பினதில்ல. நீங்க சட்டையக் கழட்டிக் கட்டலன்னா அங்கயே செத்திருப்பேன்னு டாக்டர் சொன்னாரு, ஒங்களுக்கு நல்லது நடக்கணும்னு எழுதுவாரு. நானும் பதில் எழுத உக்காருவேன். பக்கம் பக்கமா எழுதுவேன். கிழிச்சுப் போட்டுட்டு, ஒடம்பப் பாத்துக்கோங்கன்னு ஒரு வரி போட்டு அனுப்புவேன். என்னை விடக் கோழை இந்த ஊர்ல பொறந்திருக்கமாட்டான்.

போன டிசம்பர்ல அவரு வீட்டம்மாகிட்டேர்ந்து துக்க அட்டை வந்துச்சு, வீட்டுக்காரர் தவறிட்டாரு, இந்த வருஷம் புத்தாண்டு வாழ்த்து இல்லன்னு. இன்னிக்கு மேட்ச்சுக்கு முன்னாடி அந்தாளுக்காக ஒரு நிமிஷம் எந்திரிச்சு நின்னோமே, என் பக்கத்துல நின்ன உங்க ஊர்க்காரன் காதுல சொல்றான், ஒங்களப் பத்தி எவ்வளவு ஒசத்தியாப் பேசுவாரு தெரியுமான்னு. எனக்கு அங்கயே விழுந்துறலாம் போல இருந்துச்சு.

இல்ல தம்பி, சமாதானம் சொல்லாதீங்க. ரெஃப்ரிக்குக் கண்ணு தப்பும், கார்டு எடுக்க நேரமாகும், அதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான் அதச் சொல்ல வரல.

அப்பல்லாம் ஷூவுக்கு அடியில அலுமினிய ஆணி. காங்கிரீட்டுல நடந்து நடந்து ஓரம் கத்தியா ஆயிரும். அதனால எறங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தன் ஷூவையும் திருப்பி, ரெஃப்ரி கையால தடவிப் பாக்கணும். அன்னிக்கு மிசுமியோடதத் தடவினேன். கட்டை வெரல் கிழிஞ்சு ரத்தம் வந்துருச்சு. அவன் பதறிப்போயி, சார், பையில புது ஆணி இருக்கு, மாத்திட்டு வந்துறட்டுமான்னு கேட்டான். நான் வெரல வாயில வச்சுக்கிட்டே, வேணாம், நேரமாச்சு, எறங்குன்னேன். ஆட்டம் ஆரம்பிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு.