நாலாம் குழியில் பதினொரு புழு

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். இந்த வேலை கிடைத்ததே அதனால்தான். நடந்ததை யூனியனுக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னீர்கள், தியாகராசா ஐயா. எழுதுவது எனக்குச் சிரமமாக இருக்காது என்று நினைத்தேன். மூன்று நாளாகிவிட்டது. இன்றுதான் உட்கார்ந்தேன்.

என் பெயர் பரமசிவம். கோல்ஃப் மைதானத்தில் ஆறு வருஷம் புல் வெட்டினேன். ஐம்பத்தேழாம் வருஷம் புல்லில் வண்டு விழுந்தது. வண்டு மண்ணில் முட்டையிடும். அதிலிருந்து வரும் வெள்ளைப் புழு வேரைத் தின்றுவிடும். வேர் போன புல்லைப் பாய் மாதிரிச் சுருட்டி எடுத்துவிடலாம். மைதானத்தைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டைக் கொடுத்தார். பந்து விழும் ஒவ்வொரு குழியருகிலும் ஓரடிச் சதுரம் புல்லைப் பெயர்த்து, புழுவை எண்ணி எழுத வேண்டும். ஐந்தைத் தாண்டினால், என்னோடு வேலை பார்த்த வேலாயுதம் அங்கே பூச்சிமருந்து அடிப்பான்.

அரிவாளை வைத்துவிட்டுக் காலில் சப்பாத்து போட்டேன். கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளில் என்னை வண்டுக் கிராணி, வண்டுக்குக் கணக்கெழுதுகிற குமாஸ்தா, என்றார்கள். முதலில் கேலிதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டு வெற்றிலைக் கடைக்காரர் "வாங்க கிராணியாரே" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார். அதில் கேலி இல்லை.

மருந்து நன்றாக வேலை செய்தது. எட்டு மாதத்தில் புழு அற்றுப்போனது. பெயர்த்த இடத்திலெல்லாம் வெறும் மண். சொல்லியிருந்தால் துரை சந்தோஷப்பட்டிருப்பார். நோட்டை வாங்கிக்கொண்டு அரிவாளைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று ஆறு என்று எழுதினேன். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன்.

துரை சில நாள் என்கூட வந்து பார்ப்பார். அதற்காக லைனுக்குப் பின்னாலிருந்த சாணிக் குப்பையில் அதே மாதிரிப் புழுவைப் பொறுக்கி, பிஸ்கட் டின்னில் மண் போட்டு வைத்திருந்தேன். அவர் வருவதற்கு முன் புல்லுக்கடியில் வைத்துவிடுவேன்.

வேலாயுதம் வெறுங்காலோடுதான் மருந்து அடிப்பான். முதுகில் தொட்டி, வாயில் ஒரு துண்டு, அவ்வளவுதான். மருந்து டப்பாவில் விஷம், தோலில் படக் கூடாது என்று எழுதியிருந்தது எனக்குத் தெரியும். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அடுத்த வருஷம் அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பேசும்போது எச்சில் வழியும். துடைத்துக்கொண்டே சிரிப்பான்.

"அண்ணே, புழு கொஞ்சமாச்சும் கொறைஞ்சிருக்கா?"

"கொறையலப்பா."

"சரி, அடிச்சிருவோம்."

ஒரு தடவையாவது அவன் என்னைச் சந்தேகப்பட்டிருக்கலாம். அப்படிப் பட்டதே இல்லை.

போன பிப்ரவரியில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், நாலாம் குழியருகே உட்கார்ந்திருந்தான். சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.

"கண்ணு மங்கலா தெரியுதுண்ணே. நாளைக்கு அடிக்கட்டுமா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாள் துரை வருகிற நாள். நாலாம் குழியில் பதினொன்று என்று எழுதியாகிவிட்டது. மருந்து அடிக்காமல் கிடந்தால் ஏனென்று கேட்பார், தானே பெயர்த்துப் பார்ப்பார். டின்னில் அன்று மூன்று புழுதான் உயிரோடு இருந்தன. அவன் பார்க்காதபோது அவற்றைப் புல்லுக்கடியில் வைத்துவிட்டு, அவனைக் கூப்பிட்டுப் புல்லைத் தூக்கிக் காட்டினேன்.

"பாரு. விட்டா நாளைக்கு இன்னும் கூடிரும்."

குனிந்து பார்த்தான். "ஆமாண்ணே" என்றான். தொட்டியை மாட்டிக்கொள்ள அவனால் முடியவில்லை. நான்தான் பின்னாலிருந்து தூக்கிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் விழுந்துவிட்டான். கைகால் இழுத்தது. லாரியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

குடிக்கிற ஆளா என்று துரை கேட்டார். வேலாயுதம் கள்ளுக்கடைப் பக்கமே போகாதவன். மாதம் தவறாமல் கார்த்திகை விரதம் இருப்பவன். குடிப்பான் என்றேன். அன்று காலையும் வாடை அடித்தது என்றேன். நீங்கள் படித்த துரையின் அறிக்கையில் இருப்பது அதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவன் மனைவி பாக்கியலட்சுமி என் வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கதான் பாத்தீங்களாம். நெசமாவே குடிச்சிருந்தாராண்ணே?"

"ஆமாம்மா."

அவள் அழவில்லை. வீட்டுக்குப் போய் அவன் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டாள். அவள் கதவு திறந்திருந்தால் எங்கள் வீட்டிலிருந்தே அது தெரியும். அதனால் நான் எங்கள் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். ஏன் புழுங்கிச் சாகிறோம் என்று என் மனைவி கேட்கிறாள்.

மருந்து அவனைக் கொன்றிருக்கலாம் என்று நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள். மருந்து இல்லை, ஐயா. நான்தான்.

இப்போது ஹனீபா என்பவர் மருந்து அடிக்கிறார். இன்று காலையும் வந்து நின்றார்.

"இன்னிக்கி எத்தனை, கிராணி?"

பெயர்த்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. பதினொன்று என்று சொல்ல வாய் வரவில்லை. ஏழு என்றேன். ஏழுக்கும் மருந்து அடிக்கத்தான் வேண்டும், அவரும் தொட்டியை மாட்டிக்கொண்டு போனார். ஆனாலும் நான் குறைத்துத்தான் சொன்னேன், ஐயா. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.