கோணலே இல்லாத அட்டவணை

கைப்பேசியில் படிக்கிற புத்தகத்துக்கு அட்டவணை போடுவது லேசான வேலை இல்லை, இன்ஸ்பெக்டர். கதை என்றால் எழுத்து தானாக இடம் பிடித்துக்கொள்ளும். அட்டவணையில் ஒரு கட்டம் வீங்கினால் பக்கத்துக் கட்டம் நசுங்கிவிடும். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே ஓர் அறையில் உட்கார்ந்து எட்டு வருடமாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். சொந்தமாக மின்னூல் போடுகிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள்.

கிள்ளான் அமுதவள்ளி அக்காவும் அப்படித்தான் வந்தார். கணவர் ராதாகிருஷ்ணனுக்குச் சர்க்கரை நோய். அவரை வீட்டில் பார்த்துக்கொண்ட அனுபவத்தை அக்கா எழுதியிருந்தார். கிளினிக்கில் அவருக்குக் கொடுத்த கணக்கும் அதில் இருந்தது. இடப்பக்கம் சர்க்கரை அளவு, வலப்பக்கம் அதற்கு எத்தனை யூனிட் இன்சுலின். மூன்று நாள் உட்கார்ந்து மயிரிழை பிசகாமல் கட்டிக் கொடுத்தேன்.

வெளியீட்டு விழாவில் அக்கா தன் பழைய போனை அப்படியே திரையில் காட்டினார். அவருக்குக் கண் மங்கல் என்பதால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். கட்டங்கள் சிதறிப்போயின.

"கட்டமெல்லாம் கோணலா இருக்கு, மன்னிச்சுக்குங்க. தம்பி ரமணிக்கு இன்னும் கை வரல லா" என்று மைக்கில் சொன்னார்.

மண்டபமே சிரித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடைசி வரிசையில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அதை அன்றோடு மறந்துவிட்டேன்.

மறுவாரம் அக்கா கூப்பிட்டார். "என் போனுக்கு மட்டும் பெரிய எழுத்துல ஒன்னு நேரா செஞ்சு குடு தம்பி. பிரிட்ஜ் கதவுல இருந்த கிளினிக் பேப்பரத் தூக்கிப் போட்டுட்டேன். நம்ம புக்கே இருக்கே, அது எதுக்கு?"

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த எண்ணமே வந்திருக்காது.

நேராகச் செய்துகொடுத்தேன். வலப்பக்க எண்களை மட்டும் இரண்டு வரி மேலே ஏற்றினேன்; குறைந்த சர்க்கரைக்கு நேரே கூடுதல் யூனிட் வந்து நின்றது. மற்றவர்கள் வாங்கும் பிரதியைத் தொடவில்லை. ஊராருக்குக் கெடுதல் செய்கிறவன் இல்லை நான். அளவு அடிக்கடி மாறியதால் அக்கா எதையும் மனப்பாடமாக வைத்திருக்கவில்லை. "இப்பதான் கோடெல்லாம் நேரா இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். தான் எழுதிய புத்தகத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

ராதா அண்ணே தங்கமான மனிதர். நான் போகும்போதெல்லாம் முறுக்கு கட்டிக் கொடுப்பார். புதுப் பிரதி கொடுத்த ஐந்தாம் நாள் மதியம் அக்கா போட்ட ஊசிக்குப் பிறகு நாற்காலியில் கண்ணயர்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். "நான்தான் நம்பரத் தப்பா அடிச்சிட்டேன். நானே கொன்னுட்டேன்" என்று அக்கா வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். உங்களிடமும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறாராம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாக வந்தேன்.

அக்கா பேரில் அது போகக்கூடாது. அந்த அட்டவணையை ஒவ்வொரு கட்டமாகக் கட்டியவன் நான். அவர் போன் உங்களிடம்தானே இருக்கிறது, திறந்து பாருங்கள். எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்குங்கள். ஒரு கோடு கோணாது.