பதினேழாம் நம்பர் கேக்

— கஞ்சிய மட்டும் குத்தம் சொல்லாத பாஹுவா. முப்பது வருஷமா காலையில ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறவ நான். அதுவா என்னைக் கவுத்துச்சுன்னு சொல்ற?

— நான் எங்க சொல்றேன் ஆர்லிஸம்மா, உங்க கையில ஒட்டியிருக்கிற அந்த சர்க்கரை அளக்கற வட்டு சொல்லுது. இந்தப் படத்தப் பாருங்க. கஞ்சி, ஒரு வாழைப்பழம், மேல ஒரு பிடி திராட்சை, ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ். முக்கால் மணி நேரத்துல உங்க சர்க்கரை நூத்தித் தொண்ணூறு. பத்தரைக்கு அப்படியே தடால்னு கீழ. அந்த நேரத்துலதான கை நடுங்குது, உங்க வீட்டுக்காரர் வெர்லின் ஐயா மேல எரிஞ்சு விழறீங்க?

— அவர் மேல எரிஞ்சு விழ கஞ்சி எதுக்கு? மனுஷன் வாயத் தொறந்தாப் போதும்.

— சரி, மறுநாள் பாருங்க. ரெண்டு முட்டை, ஒரு துண்டு கறுப்பு ரொட்டி, கொஞ்சம் சீஸ். நூத்தி இருவத்தஞ்ச தாண்டல. அன்னிக்கு எரிஞ்சு விழுந்தீங்களா?

— இல்ல. அன்னிக்கு அவர்தான் பயந்து போயிட்டார். உடம்புக்கு ஒண்ணுமில்லையேன்னு நாலு தடவ கேட்டார்.

— பாத்தீங்களா.

— அப்ப பெர்னிஸ் மட்டும் எப்படி? என் நாத்தனார், என்னைவிட ரெண்டு வயசு மூப்பு. அதே கஞ்சி, அதே கிண்ணம், மேல வெல்லப்பாகு வேற ஊத்திக்கிறா. ரத்தப் பரிசோதனைத் தாளக் கொண்டாந்து மாதாகோயில்ல எல்லார்கிட்டயும் காட்டுறா, பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி.

— அவங்க உடம்பு அவங்களுது. கஞ்சி அவங்களுக்கு ஒத்துக்குது, உங்களுக்கு ஒத்துக்கல. ஒருத்திக்கு எழுதிக் குடுத்ததையே ஊருக்கெல்லாம் குடுக்கறதா இருந்தா உணவு ஆலோசகர்னு நான் எதுக்கு, சுவத்துல ஒரு அட்டை மாட்டி வச்சாப் போதுமே. மாதவிலக்கு நின்னப்புறம் பொம்பள உடம்பு சர்க்கரைய முன்ன மாதிரி சமாளிக்காது. அதுலயும் ஒவ்வொருத்திக்கு ஒவ்வொரு மாதிரி. எங்க அம்மா செயின்ட் பால்ல இருக்காங்க. லாவோஸ் மலையிலேர்ந்து வந்த எங்க ஹ்மாங் சனத்துல பிள்ள பெத்தவளுக்கு முப்பது நாள் பச்சிலை போட்டு வேக வச்ச கோழியும் சூடான சோறும்தான். என் அக்காவுக்கு அதுல உடம்பு தேறுச்சு. எனக்கு ரெண்டாவது வாரமே கோழியக் கண்டாலே ஓடணும் போல ஆயிடுச்சு.

— எனக்கு முப்பது நாள் சமைச்சுப் போட ஆள் இருந்திருந்தா நான் பத்து பெத்திருப்பேன். என் மாமியார் ஒரு தட்டு உருளைக்கெழங்கு வச்சுட்டு, மாட்டக் கறக்கணும்னு போயிட்டா. சரி, அதெல்லாம் விடு. ராத்திரி வேர்த்துக் கொட்டுறது நின்னுருச்சு. படுக்கை விரிப்ப மாத்தி மூணு வாரம் ஆச்சு, அதாவது நடு ராத்திரியில மாத்தி. தூங்கறேன். பாட்டுக் குழுவுல மறுபடி சேந்துட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு மோசமில்ல.

— உங்க வாயால இது வர்றதுக்கு எட்டு வாரம் ஆகியிருக்கு.

— அப்ப நான் தேறிட்டேன்னு அந்தக் கடுதாசிய எழுதிடு.

— எழுதலாம். இன்னும் ஒரு வாரம் பாத்துட்டு.

— சனிக்கிழமை சந்தை. இன்னிக்கு வியாழக்கிழமை. இன்னும் ஒரு வாரம் பாத்தா கேக்கெல்லாம் பூசணம் பிடிச்சுப் போயிடும் பொண்ணே.

— இருங்க, போன வருஷம் என்ன நடந்துச்சுன்னு இன்னொரு தடவ முழுசா சொல்லுங்க. குறிப்புல எழுதணும்.

— ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும் தெரியாதா? மாவட்டச் சந்தை. கேக் போட்டி. இருவத்திரண்டு வருஷமா நான்தான் நடுவர். இருவத்தி மூணு கேக் வந்துச்சு. மொத நாள் ராத்திரியே நான் சாப்பாட்ட நிறுத்திட்டேன்.

— ஏன்?

— வயித்துல எடம் வேணாமா? காலையிலயும் வெறும் காப்பி. அப்புறம் பத்து மணிக்கு உக்காந்து, இருவத்தி மூணு துண்டு.

— நடுவர் ஒரு வாய்தான எடுக்கணும்?

— விதி அப்படித்தான். ஆனா செஞ்சவ எதிர்லயே நாற்காலி போட்டு உக்காந்திருப்பா. யார் கேக்னு எனக்குத் தெரியாது, அந்த வரிசையில எவளோ ஒருத்தி. ஒரு வாய் தின்னுட்டு தட்டத் தள்ளினா அவ மனசு என்ன பாடுபடும்? எங்க வீட்ல தட்டுல மிச்சம் வச்சா எந்திரிக்க விட மாட்டாங்க. நான் ஒரு வருஷமும் மிச்சம் வச்சதில்ல.

— இருவத்திரண்டு வருஷமா, இருவது துண்டுக்கு மேல.

— தின்னேன். தாங்குச்சு. போன வருஷம் தாங்கல. தல கிறுகிறுன்னு சுத்தி, கடைசி இருவத்தி மூணாம் நம்பர் சாக்லேட் கேக் மேல மூஞ்சியப் பதிச்சுட்டேன். கண்ணு முழிச்சா மூக்கு நெறய கிரீம். பெர்னிஸ்தான் கமிட்டித் தலைவி. ஒரே வார்த்தை சொல்லிட்டா. ஆர்லிஸ் தேறிட்டாள்னு கடுதாசி வந்தா நாற்காலி, இல்லன்னா பேர அடிச்சுடுவேன்னு. டாக்டர் என்னடான்னா, பாஹுவாவே எழுதிக் கையெழுத்து போடட்டும், அது போதும்னுட்டார்.

— அந்த நாற்காலி அவ்வளவு முக்கியமா ஆர்லிஸம்மா?

— நாற்காலி என்ன, மரம். ஆனா பேர அடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்றேன் கேளு. ஞாயித்துக்கிழமை வழிபாடு முடியறதுக்குள்ள எல்லார் வாயிலயும் 'பாவம் ஆர்லிஸ், சர்க்கரையாம்'. திங்கக்கிழமை காலையில என் வாசல்ல மூடி போட்ட சாப்பாட்டுத் தட்டு வரிசையா வந்து உக்காரும். நூடுல்ஸும் கோழியும், நூடுல்ஸும் டூனா மீனும். இந்த ஊர்ல வாசலுக்குத் தட்டு வந்துட்டா அப்புறம் நீ நோயாளிதான். சாகற வரைக்கும் தோளத் தொட்டுத்தான் பேசுவாங்க. அம்பத்தெட்டு வயசுல எனக்கு அது வேண்டாம். எனக்கு அழுகையா வருது, நினைச்சா.

— அழாதீங்க. தண்ணி குடிங்க.

— குடிக்கிறேன். நீ ஏன் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிற?

— ஒண்ணுமில்ல. உங்க உணவுக் குறிப்பப் பாக்கறேன். இங்க ஒரு சந்தேகம். அஞ்சு வாரமா ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் படத்துல ஒரு மேடு வருது. 'கேக், ஒரு துண்டு'ன்னு எழுதியிருக்கீங்க. எங்க தின்னீங்க?

— மார்கோ குடுத்தா. பக்கத்து வீடு.

— மொத ஞாயிறு நூத்தி எம்பத்தொண்ணு. அடுத்தது நூத்தி அறுவத்தாறு. அப்புறம் நூத்தி அம்பது, நூத்தி நாப்பது, போன ஞாயிறு நூத்தி முப்பத்தொண்ணு. அதே அளவுத் துண்டு, வாராவாரம் கொறையுது.

— அவ சிக்கனக்காரி. சர்க்கரையக் கொறைக்கிறா போல. பாதாமோ வால்நட்டோ பொடிச்சுப் போடறா. புளிப்புச் செர்ரி. எனக்கு என்ன தெரியும், நான் தின்னுட்டு எழுதினேன். நீதான கேக்க விட வேண்டாம், சாப்பாட்டுக்கு அப்புறம் தின்னுட்டு நடங்கன்னு சொன்ன?

— சொன்னேன். கோவிக்காதீங்க. சனிக்கிழமை நடுவரா உக்காந்தா என்ன செய்வீங்க, சொல்லுங்க.

— காலையில முட்டை, கறுப்பு ரொட்டி. ஒவ்வொரு கேக்லயும் ஒரே ஒரு சின்னக் கரண்டி. அஞ்சு கேக்குக்கு ஒரு தடவ எந்திரிச்சு ஆட்டுக் கொட்டகை வரைக்கும் நடை. மிச்சம் வைக்கறதுக்கு மனசத் தேத்திக்கிட்டேன். வீட்ல பழகிப் பாத்தேன், வெர்லின் எதிர்லயே தட்டுல மிச்சம் வச்சேன். மனுஷன் அத எடுத்துத் தின்னுட்டார்.

— போன வருஷம் மிச்சம் வச்சிருக்க வேண்டிய கேக் எதுன்னு நினைக்கிறீங்க?

— பாதி கேக் அப்படித்தான். ஆனா பதினேழாம் நம்பர் ஒண்ணு இருந்துச்சு. தேங்காப்பால் ஊத்தின பச்சைக் கேக். என்ன எலையோ அரைச்சு விட்டிருந்தா. வாசனை ஆளத் தூக்குச்சு, ஆனா நடுவுல வேகல. கார்டுல அப்படியே எழுதிப் போட்டேன். மணம் மொதல் தரம், நடுப்பகுதி வேகலன்னு.

— செய்தவருக்குப் பொறுமை இல்லைன்னும் எழுதினீங்க.

— எழுதினேன். உண்மைதான? அவசரக்காரி. பத்து நிமிஷம் விட்டிருந்தா மொதப் பரிசு.

— ம்.

— இரு. இரு பொண்ணே. அந்தக் கார்டு உறையில போட்டு ஒட்டி, செஞ்சவ கைக்கு மட்டும்தான் போகும். பெர்னிஸே பாக்க மாட்டா. உனக்கு எப்படித் தெரியும்?

— யாரோ பேசிக்கிட்டாங்க.

— யாரு? இந்த ஊர்ல அப்படி ஒரு கார்டு வந்தா வாங்கினவ மூச்சு விடுவாளா?

— விட மாட்டா.

— பாஹுவா. என்னப் பாரு.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— நீதானா பதினேழு?

— நான்தான். அப்ப இந்த ஊருக்கு வந்து ஆறாவது மாசம். ஒருத்தரையும் தெரியாது. கேக் வச்சா நாலு பேர் பேசுவாங்கன்னு நினைச்சேன். என் பொண்ணுக்கு அன்னிக்குக் காய்ச்சல், அழுதுக்கிட்டே இருந்தா. அதனாலதான் பத்து நிமிஷம் முன்னாடி எடுத்தேன். பொறுமை இல்லாம இல்ல.

— அடக் கடவுளே. அந்தக் கார்டு இன்னும் இருக்கா?

— வீட்ல குளிர்பெட்டி மேல ஒட்டியிருக்கு. தெனம் பாக்கறேன். மொதல்ல கோவத்துல ஒட்டினேன், அப்புறம் ரோஷத்துல. எட்டு வாரம் முன்னாடி நீங்க இந்தக் கதவத் தொறந்து வந்தப்ப உங்க பேர ரெண்டு தடவ சரி பாத்தேன்.

— அத மனசுல வச்சுக்கிட்டா எனக்குக் கடுதாசி தர மாட்டேங்கற?

— சத்தியமா இல்ல. உங்க சர்க்கரை எண்ணெல்லாம் நல்லா இருக்கு. போன வாரமே எழுதியிருக்கணும். இதோ, எழுதியே வச்சிருக்கேன், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஆனா இந்த வருஷமும் நான் பேர் குடுத்துட்டேன். போட்டியில கேக் வைக்கிறவ நடுவருக்காகக் கையெழுத்து போட்டா அது முறையா? நாளைக்கு நான் ஜெயிச்சா, உங்களையும் என்னையும் சேத்துத்தான பேசுவாங்க? ஒரு வருஷமா அந்தக் கேக்க செஞ்சு செஞ்சு பாத்திருக்கேன் ஆர்லிஸம்மா. விட மனசு வரல. அதான் இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு இழுத்துட்டேன். தப்புதான்.

— தப்புதான். நான் தேறலையோன்னு ரெண்டு நாளா அதே நினைப்பு எனக்கு.

— மன்னிச்சுக்கோங்க. என் பேர எடுத்துடறேன். எடுத்துட்டு இப்பவே கையெழுத்து போடறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

— எடுக்காத.

— எடுக்காம எப்படி?

— எடுக்காதங்கறேன்ல. நீ கையெழுத்து போடு. நான் நேரா பெர்னிஸ் வீட்டுக்குப் போறேன். கமிட்டிக்காரங்க இன்னிக்கு அங்கதான் கூடறாங்க. எல்லார் முன்னாடியும் அவளையே சத்தமா படிக்கச் சொல்லுவேன். ஆர்லிஸ் ஆரோக்கியமா இருக்கா, நடுவரா உக்காரத் தகுதி இருக்குன்னு. அவ படிச்சு முடிச்சதும் நானே எந்திரிச்சு நின்னு நாற்காலி வேண்டாம்னு சொல்லிடுவேன்.

— வேண்டாமா? இவ்வளவு பாடுபட்டுட்டு எதுக்கு?

— நோயாளின்னு அவ எறக்கறது வேற, தெம்பா இருக்கேன்னு சொல்லிட்டு நானா எறங்கறது வேற. வாசலுக்குத் தட்டு வராது பாரு.

— எனக்காக விட்டுக் குடுக்காதீங்க. அது எனக்குக் கஷ்டமா இருக்கும்.

— உனக்காகவா? நல்ல கதையா இருக்கே. நடுவர் போட்டியில கேக் வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு தெரியுமா? இருவத்திரண்டு வருஷமா ஊரான் கேக்கத் தின்னு கார்டு எழுதினவ நான், ஒரு வருஷம்கூட என் கேக் அந்த மேசையில உக்காந்ததில்ல.

— ஆர்லிஸம்மா, நீங்க என்ன சொல்றீங்க?

— மார்கோவுக்கு முட்டை ஒடைக்கக்கூடத் தெரியாதுடி. அந்த அஞ்சு ஞாயித்துக்கிழமை கேக்கும் நான் செஞ்சது, உன் வட்ட வச்சே சரி பாத்தது. பேர் குடுக்க நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் நேரம், சீக்கிரம் கையெழுத்தப் போடு.