பிறிசில்லா ரீச்சர் கீறிய வெள்ளம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அருட்தந்தை நோபேட் அடிகளார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் அதிகாரிகளே, வீதிப் பொறியியலாளர் ஐயா அவர்களே, ரீச்சரின் தங்கை டல்சி அவர்களே, படுவான்கரையிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் விவசாயிகளே, முகத்துவாரத்து மீனவர்களே, ரீச்சரிடம் புவியியல் படித்த பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் அன்ரோ. ரீச்சர் படிப்பித்த அதே பாடசாலையில் கணிதம் படிப்பித்தவன். என்னைப் பேச அழைத்தவர்கள், "மாஸ்ரர், சுருக்கமா நல்லதா நாலு வார்த்தை" என்றார்கள். சுருக்கத்துக்கு முயல்கிறேன். நல்லது யாருக்கு நல்லது என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது. இரங்கல் கூட்டங்களில் மட்டும் புகழப்படுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த களைப்பு.

ரீச்சரின் வகுப்பில் இருந்தவர்கள் கிறீன்லாந்தை மறந்திருக்க மாட்டீர்கள். சுவரில் தொங்கிய உலகப்படத்தில் அது ஆபிரிக்காவோடு போட்டி போடுகிற அளவுக்குக் கிடக்கும். ரீச்சர் பூகோள உருண்டையின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கிறீன்லாந்தைப் பிரதியெடுத்து வெட்டுவார். அதே உருண்டையில் ஆபிரிக்காவின் மேல் அந்தத் துண்டை வைப்பார். ஒரு மூலைக்குக்கூடக் காணாது!

"மிச்சம் எங்க ரீச்சர்?" என்று கேட்பார்கள்.

"மிச்சமெண்டு ஒண்டும் இல்ல மனே. சுவர்ப்படம் ஊதிக் காட்டினது."

ஆபிரிக்காவுக்குள் பதினான்கு கிறீன்லாந்து அடங்கும். வருடக்கணக்காக அந்தப் படத்துக்குக் கீழே இருந்த எங்களுக்கு, ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான், அது தெரியாது. தினமும் பார்ப்பதால் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த வாவியையும் அப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்?

ஒவ்வொரு மாரியிலும் இங்கே நடப்பதை நான் சொல்லத் தேவையில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வட்டை வட்டையாக வயல்கள் நெல்லோடு தண்ணீருக்குள் போகும். உடனே முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டு, வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடு என்று விவசாயிகள் நிற்பார்கள். இப்போதே வெட்டினால் இறாலெல்லாம் கடலோடு போய்விடும், பொறு என்று மீனவர்கள் நிற்பார்கள். ஒரு வருடம் வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, முகத்துவாரத்து றொனால்டின் வலைகளை எரித்தார்கள். எரித்தவர்களும் கெட்டவர்கள் அல்ல. அவர்களுடைய நெல் அழுகிக்கொண்டிருந்தது.

யாரும் கேட்காத ஒரு கேள்வியை ரீச்சர் கேட்டார். தண்ணீர் எங்கே, எவ்வளவு உயரத்துக்கு நின்றது?

கேட்டுப் பாருங்கள்! ஒருவர் இடுப்பளவு என்பார், பக்கத்து வளவுக்காரர் கழுத்தளவு என்பார். சாட்சி சுவரில் இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சுவரில் சேறு ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும். ஆனால் வெள்ளம் வருவது மார்கழியில். தை பிறந்தால் பொங்கல். பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு வாளியோடு எல்லோரும் இறங்கிவிடுவோம். வருடா வருடம் நம்முடைய சாட்சியை நம்முடைய கையாலேயே வெள்ளையடித்து அழித்தோம். அதன் பிறகு யார் குற்றவாளி என்று சண்டை பிடித்தோம்!

வலைகள் எரிந்த அந்த வருட மார்கழியில் ரீச்சர் ஸ்கூட்டியில் படுவான்கரையிலுள்ள வெல்லாவெளிக்குப் போனார். உயரம் பார்க்கும் மட்டக் கருவியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் இருந்தேன். முதலில் இரத்தினம்மாக்காவின் வீடு. ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பு பூசாமல் விடும்படி ரீச்சர் கேட்டார்.

"என்ன ரீச்சர் நீங்க? பொங்கலும் அதுவுமா வீட்டச் சேறோட வச்சிருக்கச் சொல்றீங்களா? சனம் என்னகா சொல்லும்?"

"ரீச்சருக்கு விசர் எண்டு சொல்லும். அந்தப் பழிய என்னில போடுங்கக்கா."

"அது இப்பவே சொல்லுதுகள்," என்றார் இரத்தினம்மாக்கா. ஆனால் அந்தச் சாண் இடத்தை விட்டுத்தான் பூசினார். அவரைப் பார்த்து அடுத்த வீடும் விட்டது. அக்கா, நீங்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் மறுத்திருந்தால் இன்றைக்கு நான் பேச எதுவும் இருந்திருக்காது.

வீடு வீடாகச் சேற்றுக்கோட்டின் உயரத்தை அளந்தோம். வாவியோரத்து வீடுகளிலும் அளந்தோம். நான் கணக்குப் பார்த்துக் கொடுக்க, ரீச்சர் ஒரே உயரத்தில் தண்ணீர் நின்ற இடங்களைக் கோடுகளால் இணைத்தார். வாவி நிரம்பித்தான் வயல் மூழ்கியது என்றால் அந்தக் கோடுகள் வாவியிலிருந்து ஆறுதலாக, இடைவெளி விட்டுப் பரந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. எல்லாக் கோடுகளும் வயலுக்கும் வாவிக்கும் நடுவே உயர்த்திக் கட்டிய வீதியின் ஓரத்தில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வீதிக்கு மேற்கே தண்ணீர், வாவிப் பக்கத்தைவிட ஒரு முழத்துக்கு மேல் உயரம். கிழக்கே வாவியில் இன்னும் இடம் இருந்தது. தண்ணீர் அங்கே போக வீதிக்குக் கீழே போதிய மதகு இல்லை. முகத்துவாரத்தை வெட்டினால் என்ன, வெட்டாவிட்டால் என்ன!

அந்தப் படத்தை ரீச்சர் தன் வீட்டில் விரித்து இரத்தினம்மாக்காவையும் றொனால்டையும் கூப்பிட்டார்.

"அப்ப ரோட்டுத்தானா எங்கட வட்டைக்குக் கட்டின அணை?" என்றார் இரத்தினம்மாக்கா.

றொனால்ட் படத்தில் வீதியின் மேல் விரலை வைத்தார். பிறகு, "அப்ப நாங்க இவ்வளவு காலமும் ஆருக்காக அடி வாங்கின?" என்று கேட்டார்.

"ரோட்டுக்காக," என்றார் ரீச்சர். "இரிங்க, தேத்தண்ணி ஊத்துறன்."

அந்தப் படத்தை உரிய அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். "ரீச்சர், மிச்சம் வடிவாக் கீறியிருக்கிறீங்க, சுவரில மாட்டலாம்" என்றார்கள். மாட்டினார்கள்! கோப்புக்குள் போக வேண்டியதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டார்கள். விவசாயியும் இல்லை, மீனவரும் இல்லை, பட்டணத்துப் பறங்கிப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சற்று முன்னர் ரீச்சரின் புகைப்படத்துக்கு மாலை போட்டார். பெயர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். ரீச்சரின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். நிறங்கள் இருக்கின்றன, கோடுகள் இருக்கின்றன. வீதியைக் காணவில்லை. அச்சகத்தில் விடுபட்டுவிட்டதாம். இருக்கலாம். நான் ஏற்பாட்டாளர்களோடு சண்டை பிடிக்க வரவில்லை.

ஆனால் இதைச் சொல்லாமல் இறங்க முடியாது. மழைக்கு முன் அந்த வீதியை இன்னும் உயர்த்தப் போகிறார்கள், மதகுகள் மட்டும் பழைய கணக்குத்தான். முடிவெடுக்கும் கூட்டம் வருகிற வியாழக்கிழமை. அங்கே பேசத்தான் ரீச்சர் தயாராகிக்கொண்டிருந்தார். அதற்குள் அவருடைய நெஞ்சு நின்றுவிட்டது. வியாழக்கிழமை நாம் வாய் மூடியிருந்தால் இரத்தினம்மாக்காவின் வட்டை இந்த மாரியிலும் அழுகும், பழி மறுபடியும் றொனால்டின் வலையில்தான் விழும். அப்படி நடக்கவிட்டு இங்கே கண்ணீர் விடுவதில் என்ன அர்த்தம்?

பிறிசில்லா ரீச்சரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுப்பது இந்த மேடையின் வழக்கம். நானும் எடுக்கிறேன். அவர் கையால் கீறிய மூலப்படம், வீதியோடு சேர்த்து, என்னிடம் இருக்கிறது. அதை வியாழக்கிழமை மேசையில் விரிப்பேன். சுவரில் மாட்ட விடமாட்டேன்.

அந்த மண்டபத்தில் கதிரை போடும் முறை எனக்குத் தெரியும். இடப்பக்கம் விவசாயிகள், வலப்பக்கம் மீனவர்கள், நடுவில் மேசைக்குப் பின்னால் அதிகாரிகள், நடுவர்களைப் போல. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக் கத்த, நடுவில் இருப்பவர்கள் தேநீர் குடித்து முடிப்பார்கள். இரத்தினம்மாக்கா, நீங்கள் வழமைபோல இடப்பக்கம் உட்காருங்கள். றொனால்ட், நீங்களும் உங்கள் ஆட்களோடு அதே இடப்பக்கத்துக்கு வாருங்கள். இடம் போதாவிட்டால் நான் நிற்கிறேன்.

பொறியியலாளர் ஐயா, நீங்களும் அன்றைக்குக் கட்டாயம் வாருங்கள். வலப்பக்கக் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கும். நாங்கள் எல்லோரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம்.