தண்ணீர் வசதியுள்ள மண்டபம்

ஒரு மண்டபம் நல்லதா என்று தெரிய வேண்டுமானால் முதலில் அதன் கழிப்பறையைப் பார்க்க வேண்டும், ஐயா. மேடையையும் மின்விசிறியையும் எல்லோரும் பார்ப்பார்கள். நான் கழிப்பறை, தண்ணீர்த் தாங்கி, பின்வாசல் என்ற ஒழுங்கில்தான் பார்ப்பேன். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் செயலமர்வோ கருத்தரங்கோ நடக்காத நாள் குறைவு. வாகரையிலிருந்து ஆட்களைக் கூட்டிவருவார்கள், கொழும்பிலிருந்து வெள்ளைக்காரர் வருவார்கள், எல்லோரையும் எங்கே உட்காரவைப்பது என்று என்னைத்தான் கேட்பார்கள். வினாயகமூர்த்தி பார்த்த இடம் என்றால் மறுபேச்சு இருக்காது.

தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து உட்காரும் கூட்டத்துக்கு இடம் பார்ப்பது தனி வேலை. காத்தான்குடியில் வைத்தால் எங்கள் ஆட்கள் தயங்குவார்கள். கல்லடியில் வைத்தால் அவர்கள் தயங்குவார்கள். பொழுதுபடும் முன் இரண்டு பக்கமும் வீடு போய்ச் சேர வேண்டும். சாப்பாடு ஹலாலாக இருக்க வேண்டும். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குச் சுத்தமான அறை, பாய், ஒழு எடுத்து முகம் கைகால் கழுவ ஓடுகிற தண்ணீர், எல்லாம் வேண்டும். இவற்றை யாரும் கேட்பதற்கு முன்பே நான் செய்துவைத்துவிடுவேன். அதனால் மஜீட் நானாவுக்கு என்மேல் தனிப் பிரியம்.

மஜீட் நானா ஏறாவூர்க்காரர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், அவருடைய வாப்பா காலத்து வயல் பத்து ஏக்கர் கிடந்தது. தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அதில் அவர் கால் வைக்கவில்லை. அதே வட்டையில், அந்த வயல்வெளியிலேயே, பழுகாமத்து நல்லரத்தினத்துக்கும் வயல் இருந்தது. நல்லரத்தினம் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். இரண்டு பேரும் ஒரே வாய்க்கால் தண்ணீரில் வெள்ளாமை செய்தவர்கள். 2006இல், மாரி விதைப்புக்கு முன், ஏறாவூர் ஆட்களும் வந்து தங்கள் வயலை விதைக்கலாம் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். கையெழுத்து வைப்பதுதான் மிச்சம். அதற்கு ஒரு மண்டபம் தேவைப்பட்டது.

அந்த உடன்பாடு சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள்தான் அந்த ஆவணி மாதம் என் மகளை ரியூஷன் முடிந்து வரும் வழியில் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள். அவளுக்குப் பதினாறு வயது. நானும் மனைவியும் ஆயுதக் குழுக்களின் முகாம் முகாமாகப் போய் வாசலில் நின்றோம். பிறகு ஒருவன் வீடு தேடி வந்தான். தேத்தண்ணீர் கொடுத்தோம், குடித்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"அண்ணன், கையெழுத்து நடக்கப்படாது. அந்த ரெண்டு பேரில ஒராள் இல்லாட்டிச் சரி. ஆரெண்டாலும் எங்களுக்கு ஒண்டுதான். தனிய வெளியில வாற மாதிரி ஒரு இடம் பாருங்க. பிள்ள வந்திரும்."

நான் மிகவும் பயந்தேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் என்னிடம் கேட்டது ஒரு இடம் மட்டும்தான். இடம் பார்ப்பது என் தொழில்.

மூன்று மண்டபங்களைப் பார்த்தேன். முதலாவதைச் சுற்றி ஆமியின் சென்ரிக் காவல். இரண்டாவதற்கு ஒரே வாசல், எல்லோரும் கூட்டமாகத்தான் வெளியே வருவார்கள். மூன்றாவது வாவிக் கரையில் இருந்தது. பின்வாசலைத் திறந்தால் ஒரு பைப், அதற்கு அப்பால் கண்டல் பற்றை, பற்றைக்குள் தோணி விடலாம். நல்லரத்தினம் மச்சான் வெற்றிலை போடமாட்டார், பீடி பிடிக்கமாட்டார், கதிரையில் இருந்தால் கூட்டம் முடியும்வரை எழும்பவும் மாட்டார். மஜீட் நானா நேரம் தவறாமல் தொழுகிறவர். ஆகவே ஆளை நான் தெரிவு செய்யவில்லை. மண்டபத்தின் அமைப்பு அப்படி.

பின்வாசலிலிருந்து பைப்படிவரை நெருஞ்சி படர்ந்திருந்தது. அன்று காலையில் கடைக்குப் போய் ஒரு சோடி றப்பர் செருப்பு வாங்கி வாசற்படியில் வைத்தேன். ஏறாவூரிலிருந்து வர மற்றவர்கள் பயந்ததால் மஜீட் நானா தனியாகத்தான் வந்திருந்தார். பன்னிரண்டேகாலுக்கு என்னிடம் வந்தார்.

"மூர்த்தி, உள்ளுக்குத் தண்ணி வரல்லயே."

"பின்னால பைப் இருக்கு நானா. முள்ளுக் குத்தும், செருப்பு வெச்சிருக்கன்."

அவர் செருப்பைப் பார்த்தார். என் தோளில் கை வைத்தார்.

"நீங்க ஒராள்தான் இதெல்லாம் யோசிக்கிற. அல்லாஹ் உங்கட புள்ளயக் கெதியாக் கொண்டந்து தருவான்."

இரண்டு வெடி கேட்டது. முதலில் ஓடியவர் நல்லரத்தினம் மச்சான்தான். கையில் பேனையோடு ஓடி, சேற்றில் உட்கார்ந்து, மஜீட் நானாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்த மாரிக்கு மச்சான் தன் வயலையும் விதைக்கவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை.

என் மகள் நான்காம் நாள் வந்துவிட்டாள். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

மஜீட் நானாவின் மனைவி ஸகியா, கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த பிறகு, நாலரை மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தார். நீங்கள் கேட்கிற மாதிரி, யார் செய்தது, எப்படி வந்தார்கள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"ஒழு எடுத்து முடிச்சவரா தம்பி?" என்று கேட்டார்.

"ஓம், முடிச்சவர்" என்றேன்.

அது பொய். வலது கால் நனைந்திருந்தது, கடைசியாகக் கழுவ வேண்டிய இடது கால் காய்ந்திருந்தது. ஒரு பெண்ணிடம் அப்படிப் பொய் சொன்னது இத்தனை வருடமாக என்னை நித்திரைகொள்ள விடவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. அதை ஒப்புக்கொள்ளத்தான் நானாகவே உங்களிடம் வந்தேன்.

போகும்போது அவர் இன்னொன்றும் கேட்டார். "அவ்வளவு பெரிய மண்டபத்தில உள்ளுக்குத் தண்ணி இல்லாமலா போச்சு?"

நீங்களும் அதையே கேட்பதால் சொல்கிறேன். தண்ணீர் இருந்தது. தண்ணீர் இல்லாத மண்டபத்தை நான் ஒருநாளும் எடுத்ததில்லை. காலையில் செருப்பை வைத்துவிட்டு, தாங்கிக்குக் கீழே இருந்த வால்வை நான்தான் மூடினேன். அவரைக் கொண்டுபோன பிறகு மறக்காமல் திறந்தும் விட்டேன். மறுநாள் அங்கே வேறொரு கூட்டம் இருந்தது, வருகிறவர்கள் சிரமப்படக் கூடாது அல்லவா.