பிச்சையின் நெஞ்சு, அப்புவின் நெஞ்சு

(1961. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் தொலைபேசி. பேசுகிறவர் வனத்துறைக் குமாஸ்தா வெங்கிடராமன். மறுமுனையில், மலைமேல் குவார்ட்டர்ஸில், அவருடைய அக்கா புருஷன் ரேஞ்சர் அனந்தநாராயணன்.)

ஹலோ... ஹலோ! அத்திம்பேரா? வெங்கிடுவாக்கும்... ஆமா, ஆமா, எல்லாரும் சௌக்கியம். ட்ரங்க் கால்னா சாவுச் சேதிதான் வரணுமா என்ன?... கேளுங்கோ, மூணு நிமிஷம்தான். உங்க ரேஞ்சுத் தேக்குக் கணக்கு இருக்கே, அது... அச்... அச்சூ!... அபசகுனம் ஒண்ணும் இல்லை, மிளகு. கிடங்குக்குள்ளே நின்னுண்டு பேசறேன்.

பாராட்டா? போன வாரம் வந்த ஆபீஸர் பாராட்டினாரா? அதான் எனக்கு பயம்மா இருக்கு!... முழுக்கக் கேளுங்கோ. ஆறடி சுத்தளவு தாண்டின மரத்தைத்தான் வெட்டலாம், இல்லையா? போன வருஷம் உங்க மேற்குச் சரிவிலே அப்படி அறுபத்தொண்ணு. இந்த வருஷம் நூத்து நாப்பத்தெட்டு... மழையா? நல்ல மழை பேஞ்சா மரம் ஒரு அங்குலம் பருக்கும். இது ஒண்ணு பாக்கியில்லாம நாலு அங்குலம் பருத்திருக்கு. அது தேக்கா, பூசணிக்காயா?...

கோபிச்சுக்காதேங்கோ... செரி, செரி. போன வருஷம் டேப் பிடிச்சது யாரு?... அப்பு. வாசல்படியிலே குனிஞ்சு நுழைவானே, அந்த நெட்டை ஃபாரஸ்ட் கார்டு. இந்த வருஷம்?... பிச்சை. பிச்சை எத்தனை உசரம்?... அப்புவோட அக்குள் வரைக்கும். டேப்பை எங்கே பிடிக்கச் சொன்னேள்?... நெஞ்சுக்கு நேரே. யார் நெஞ்சுக்கு?...

அவாவா நெஞ்சுக்கு! இப்போ புரிஞ்சுதா அத்திம்பேர்?...

ஆமா. மரம் அடியிலே தடி, மேலே போகப் போக மெலிசு. பிச்சை தாழ அளந்தான், காடே பருத்துடுத்து... அப்பு அளந்தது மட்டும் சரியா? அவன் நெஞ்சு ஆகாசத்திலே இருக்கு! தரையிலேர்ந்து நாலரை அடி, அதாக்கும் விதி. அந்த உசரத்துக்கு ஒரு கம்பு வெட்டி, மரத்தோட ஒட்டி நிறுத்தி, அங்கே சுத்தி அளக்கச் சொல்லுங்கோ... ஆமா, வெறும் கம்பு. அதுக்கு டெண்டர் எல்லாம் வேண்டாம்.

சேட்டா, இதா கழிஞ்ஞு, ஒரு நிமிஷம்... உங்களை இல்லை, கிடங்குக்காரரை.

கணக்குக் காயிதம் இன்னும் என் மேஜையிலேதான் இருக்கு. மறுபடி அளக்கணும்னு எழுதிடறேன். பாராட்டு போயிடும், அதுக்கு நான் என்ன பண்ண?... என்னது? மரத்திலே வெட்டறதுக்குக் குறி அடிச்சாச்சா? நூத்து நாப்பத்தெட்டிலேயும்?... வெட்டலாம்னு ஆபீஸர் வாயாலே சொன்னார்னு உடனே அடிச்சுடறதா!... காண்ட்ராக்டர் என்னிக்கு வரான்?... நாளைக்கா. அப்பாடா. அப்போ இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ளே... அது என்ன சத்தம்?... கோடாலியா! இன்னிக்கே வந்து ஏறியாச்சா! ஓடுங்கோ அத்திம்பேர்! போனை அக்காகிட்டே குடுத்துட்டு ஓடுங்கோ!

...ஜெயா அக்காவா? சௌக்கியம், சௌக்கியம். அத்திம்பேர் எங்கே?... ஜன்னல் வழியா தெரியறாரா? நடக்கறாரா, ஓடறாரா?... வேஷ்டியை மடிச்சுக் கட்டிண்டு! பேஷ். பின்னாலே யாரு?... பிச்சை. அப்பு?... அவன் முன்னாலேயே போயாச்சா, அந்தக் காலுக்குக் கேக்கணுமா!... வெட்டறது நின்னுதா?... காதைக் குடுத்துக் கேளு அக்கா... இன்னும் ஒரு வெட்டா? இப்போ?...

ஆபரேட்டர், தயவு பண்ணி ஒரு நிமிஷம்! அங்கே காடே போறது!... அக்கா? இப்போ?... ஒரு சத்தத்தையும் காணோமே. அக்கா, நின்னது கோடாலியா, லைனா?...

ஹலோ?... ஹலோ?...