முருகம்மாளின் காய்கறித் தோல்

வெங்காயத் தோலைப் போல நல்ல உரம் வேறில்லை. வாழைப்பழத் தோல் அதற்கு அடுத்தபடி. சாயல்குடி உப்பளத்தில் மேஸ்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கொல்லையில் ஓர் உரக்குழி வெட்டினேன். யானையே இறங்கிக் குளிக்கலாம், அப்படிப்பட்ட குழி. என் மனைவி முருகம்மாளோ அடுப்படிக் கழிவை அதில் கொட்டவில்லை. வாளியோடு வேலி தாண்டிப் பக்கத்து வீட்டு உமாமகேஸ்வரியின் குழிக்குப் போனாள்.

ஏன் என்று கேட்டேன்.

“உங்க குழியில போட்டா நாத்தந்தான் வருது. உமா கை பட்டா அதே குப்பை கருப்பட்டி மாதிரி ஆயிருது. அங்கன போட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

உமாமகேஸ்வரியின் சுரைக்காய்கள் தொண்டிப் படகு அளவுக்குத் தொங்கின. அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் வேலியோரம் இருவரும் நின்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இலங்கைவரை கேட்கும். கல்யாணமானதிலிருந்து என் வீட்டுக்குள் முருகம்மாள் அப்படிச் சிரித்ததில்லை. என் வீட்டுத் தோலும் என் வீட்டுச் சிரிப்பும் சேர்ந்தே வேலி தாண்டின. நியாயமான மனிதன் எவனும் யோசிப்பான்.

உப்பைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. தினமும் காலையில் வாளிக்குள் இரண்டு கை கல்லுப்பைப் போட்டுத் தோல்களால் மூடிவிடுவேன். முருகம்மாள் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொட்டினாள். உமாமகேஸ்வரி அந்த உரத்தைச் செடிக்குச் செடி ஊட்டினாள். முதலில் சுரை இலையின் ஓரம் கருகியது. பிறகு கத்தரி. பிறகு தோட்டமே.

கடைசியில் ஒரு நாள் கொட்டுவதற்கு முன்பே உமாமகேஸ்வரி வாளியைக் கிளறியிருக்கிறாள். அடியில் கரையாத உப்பு. அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“ஏன் மதினி, என்னைய ஆகலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லலாம்ல? உப்ப வச்சா கருக்குவீக?”

“எம் புள்ளைக மேல சத்தியமா எனக்கு ஒண்ணுந் தெரியாது உமா.”

“அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க.”

முருகம்மாளும் என்னைத்தான் பார்த்தாள். நான் கைகூப்பினேன்.

“ஏதோ வயித்தெரிச்சல்ல பண்ணிட்டா தாயி. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

உமாமகேஸ்வரி அதன்பின் எங்கள் பக்கம் திரும்பவில்லை. இப்போது தோலெல்லாம் என் குழிக்கே வருகிறது. முருகம்மாள் கொட்டிவிட்டு உள்ளே போகிறாள். நேற்று என் முதல் சுரைக்காயைப் பறித்து அவள் முன்னால் வைத்தேன். சிரிக்கவில்லை. அந்த உமாமகேஸ்வரி அவள் மனதை எவ்வளவு கெடுத்து வைத்திருக்கிறாள், பாருங்கள்.